பாதிக் குவியல்

வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள் மகள். காலையில் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டு ரோஜாக்காரர் மட்டும் போகாமல் நின்றார்.

"ஒண்ணு கேக்கலாமாம்மா? தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"பின்னாடி கிடக்கிற எருவ எப்படியும் அப்புறப்படுத்தித்தானே ஆகணும்? ரெண்டு மூட்டை நான் எடுத்துக்கறேன். உங்களுக்கும் பாரம் குறையும். என் ரோஜாச் செடியெல்லாம் மூணு வருஷமா மொட்டோட நின்னுடுது."

தூக்கிய நாற்காலியை அவள் கீழே வைத்தாள். நாற்றம் தாங்கவில்லை என்று சுகாதார அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதிப் போட்டவர் இவர். மூன்றாவது மனுவுக்குப் பிறகு அப்பாவுக்கு நோட்டீஸ் வந்தது. ஒரு வாரத்துக்குள் எருக் குவியலை வேலியோரத்திலிருந்து அகற்ற வேண்டும். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் கெஞ்சியும் அப்பா கேட்கவில்லை. "அந்த மனுஷன் கண்ணாலயே மோந்து பாக்குறாரு," என்று சிரித்துவிட்டு, முந்தாநாள் உச்சி வெயிலில் மண்வெட்டியோடு இறங்கினார். பாதிக் குவியல்தான் இடம் மாறியது. மீதியின்மேல் அவர் சாய்ந்து கிடந்தார்.

சமையலறை ஜன்னலில் அம்மாவின் முகம் தெரிந்தது.

"வாங்க," என்றாள் மகள்.

தோட்டத்துக் கதவைத் திறந்ததுமே அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவள் ஒரு கை எருவை அள்ளினாள். காப்பித்தூள்போல் கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கைக்குட்டைய எடுங்க."

"பரவாயில்லம்மா..."

"எடுங்க சார்."

எடுத்தார். தயங்கி மூச்சிழுத்தார். இன்னொரு முறை இழுத்தார்.

"வாசனையே இல்லையே."

"என்னைக்குமே இருந்ததில்ல. அப்பா பால்பண்ணையிலயே ஆறு மாசம் மக்க வச்சுத்தான் கொண்டுவருவாரு. பக்கத்துல ஆள் இருக்காங்கன்னு."

அவர் வேறெங்கோ பார்த்தார். பிறகு, குவியலில் செருகி நின்ற மண்வெட்டியை நோக்கிக் கை நீட்டினார். அதன் பிடியில் அப்பாவின் துண்டு தொங்கியது.

"அதத் தொடாதீங்க."

"அப்புறம் எதால அள்றது?"

"கையால."

கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். வெள்ளைச் சட்டையின் கைகளை முழங்கைவரை சுருட்டிவிட்டுக் குந்தினார். அவள் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள். நிறைந்ததும் அவர் மூச்சு வாங்க எழுந்தார்.

"போதும்மா."

அவள் இரண்டாவது சாக்கை உதறி விரித்தாள்.

"ரெண்டு கேட்டீங்க."

அவர் மறுபடியும் குந்தினார். ஜன்னலில் அம்மா இன்னும் நின்றிருந்தாள்.