கேரவனுக்கு ஓடிய கால்

என் கணவன் கெத்தின் சரியான அழுத்தக்காரன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அவனுக்கு. முப்பது வருடம் தச்சுவேலை பார்த்தவன் என்பதால், "புது வீட்டுச் சமையலறை என் கையால்தான்" என்று சொல்லிவிட்டான். நானும் நம்பித் தொலைத்தேன்.

புது வீட்டுக்குக் கூரை எழும்பியதும், ஆஸ்வெஸ்ட்ரி ஊரில் இருந்த பழைய வீட்டை விற்றுவிட்டு, மனையிலேயே ஒரு கேரவனில், அதாவது சக்கரம் வைத்த வண்டி வீட்டில், குடியேறினோம். பழைய வீட்டுக் கடனுக்கு வட்டி மிகக் குறைவு. அதே வட்டியில் புது வீட்டுக்கு மாற்றித் தர வங்கி ஒப்புக்கொண்டது. ஆனால் விற்ற நாளிலிருந்து ஆறே மாதம்தான் கெடு. அதற்குள் வீடு குடியிருக்கும் நிலையில் இருக்க வேண்டும். கெடு தவறினால் இன்றைய வட்டிதான். அதைக் கட்ட எங்கள் இருவர் சம்பளமும் காணாது. வீட்டை விற்க வேண்டியதுதான்.

கெடுவுக்கு ஒன்பது நாள் இருக்கையில் சமையலறையில் வெறும் சுவர்தான் நின்றது.

"என்னதான்டா பண்ணிட்டு இருக்கே இத்தன நாளா?"

"பண்றேன், நெரிஸ்."

"கிழிச்சே!"

பக்கத்து ஊரில் ஒருத்தி தன் பழைய சமையலறையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அலமாரி, தொட்டி, அடுப்பு எல்லாவற்றையும் இனாமாக வாங்கிவந்து, ஆள் வைத்துப் பொருத்தினேன். கெத்தின் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான்கு நாள் என்னோடு பேசவும் இல்லை. ரோஷத்தைப் பார், என்று எரிந்தேன்.

கெடுவுக்கு முந்தைய நாள், வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் மிஸஸ் ப்ராஸர் வந்தார். குளியலறையைப் பார்த்தார், கதவைப் பூட்டித் திறந்தார். சமையலறைக்கு வந்ததும் நான் வழக்கம்போல, "டீ குடிக்கிறீங்களா?" என்றேன்.

"குடுத்தா வேணாங்கவா போறேன்!"

உடனே வெளியே இறங்கிச் சேற்றில் ஓடி, கேரவனுக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். ஆறு மாதப் பழக்கம். கால் தானாகப் போய்விட்டது. அப்புறம்தான் உறைத்தது. அடிப்பாவி, கெடுத்தேனே குடியை! திரும்பி ஓடிவந்தேன்.

மிஸஸ் ப்ராஸர் பேனாவை மூடியிருந்தார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. இந்தச் சமையலறை வேல செய்யுதா, இல்ல எனக்குக் காட்டுறதுக்காக மாட்டி வெச்சிருக்கீங்களா?"

பதில் சொன்னது, வாசல்பக்கம் நின்றிருந்த கெத்தின்தான்.

"அவளுக்குக் கேரவன் பழகிப்போச்சுங்க. உக்காருங்க, நான் போடறேன்."

இனாமாக வந்த அந்தத் தொட்டிக் குழாயை அவன் தொட்டது அன்றுதான் முதல் தடவை. ஒரு கையால் திருகிப் பார்த்தான், முடியவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துத் திருப்பினான். நிறைந்த கெட்டிலை விரல்களால் பிடிக்காமல், மணிக்கட்டுகளால் அணைத்துத் தூக்கி அடுப்பில் வைத்தான். விரல் கணுக்கள் வீங்கிச் சிவந்திருந்தன. ஒரே கேரவனில் படுத்து எழுந்தவள், நான் பார்க்கவே இல்லை.

மிஸஸ் ப்ராஸர் டீயை முழுதும் குடித்தார். "குடியிருக்கலாம்னு எழுதிடறேன். இன்னிக்கே வங்கிக்குப் போயிடும்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வண்டி போனதும் அழுகையும் கோபமுமாக அவன்மேல் பாய்ந்தேன். "கை இப்படி ஆயிருக்கு, ஒரு வார்த்தை சொன்னியாடா? பாவி!"

"மனை வாங்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு. சொல்லியிருந்தா இந்த வீடே வேணாம்னிருப்பே. ஆசப்பட்டது நீ."

வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அவன் கையைப் பிடித்தேன். வலித்திருக்கும்போல, முகத்தைச் சுளித்தான். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.