சொன்னால் கேட்கும் அறை

மாசாய்ச் சாலையில் நடந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் கழுத்து முறிந்ததிலிருந்து பிரேமலாவின் கைகால்கள் அசையவில்லை. அன்று முதல் கணவன் கமலநாதன்தான் அவளுக்குக் கைகள். அவன் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலைக்குப் போகிற நேரத்தில் அவன் தங்கை வந்து துணைக்கு உட்காருவாள். பிரேமலாவைத் தனியாக விட யாருக்கும் மனம் வந்ததில்லை.

அவர்களுடைய கல்யாண நாளுக்கு, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் லோஷினி ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டல் அறை எடுத்துக் கொடுத்தாள்.

"ஸ்மார்ட் ரூம்பா. வாயால சொன்னா எல்லாம் தானா நடக்கும்."

மதியம் அறைக்குள் வந்ததும் கமலநாதன் கட்டிலருகே இருந்த சின்ன ஸ்பீக்கரைப் பார்த்து, "லைட்டைப் போடு!" என்றான். அசைவில்லை. குரலை உயர்த்தினான். புரியவில்லை என்று அது ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டது.

பிரேமலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்கு எங்கங்க தமிழ் தெரியும்? நான் சொல்றேன் இருங்க." சக்கர நாற்காலியில் இருந்தபடியே மலாயில், "புக்கா லாங்சிர்" என்றாள்.

திரைச்சீலை மெல்ல விலகியது. கண்ணாடிக்கு அப்பால் வெயிலில் கடல்.

"அலமாக்!" என்று வியந்தான் கமலநாதன்.

அவள் மூடச் சொன்னாள். மூடியது. திறக்கச் சொன்னாள். பாதியில் நிறுத்தினாள். மறுபடியும் மூடினாள்.

"உனக்கு எப்படி வேணும்னு சொல்லும்மா, நான் இழுத்து விடுறேன்."

"நீங்க சும்மா இருங்கலா." பிறகு தணிந்த குரலில் சொன்னாள்: "வீட்டுல ஜன்னலத் திறந்து விடுவீங்க. அப்புறம் மூஞ்சில வெயில் அடிச்சாலும் மூடச் சொல்ல மாட்டேன். ஷிப்ட் முடிஞ்சு வந்து தூங்குற மனுஷன எத்தன தடவ எழுப்புறது?"

எத்தனை வெயிலை அவள் பேசாமல் பொறுத்திருக்கிறாள்!

"கொஞ்ச நேரம் கீழ போயிட்டு வாங்க. நான் தனியா இருக்கணும்."

"ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"இந்த ஸ்பீக்கர் வழியா உங்க போனுக்கு அடிக்கிறேன்." சொன்னதோடு நில்லாமல் ஒருமுறை அடித்தும் காட்டினாள்.

அவன் மனமில்லாமல் இறங்கிப் போனான். போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வரவேற்பறையைச் சுற்றிச் சுற்றி வந்தான். பொறுக்க முடியாமல் மேலே ஏறி, கதவருகே வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்து, சுருதி தப்பி, வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தாள் பிரேமலா. விபத்துக்குப் பிறகு அவள் பாடி அவன் கேட்டதே இல்லை.

கதவைத் திறக்காமல் நடைபாதைக் கம்பளத்தில் உட்கார்ந்து கண்களைத் துடைத்துக்கொண்டான்.

வெகுநேரம் கழித்துப் போன் அடித்தது. "எங்க இருக்கீங்க?"

"கீழதாம்மா."

"வாங்க, பசிக்குது."

கீழேயிருந்து ஏறி வர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு உள்ளே போனான். நாசி கோரெங் என்ற வறுத்த சோற்றை வரவழைத்து ஊட்டிவிட்டான்.

"வீட்டுலயும் இந்த மாதிரி ஒண்ணு வெச்சிரலாமா?" என்று அவனே கேட்டான்.

"அப்புறம் நான் எதுக்கும் உங்களக் கூப்பிட மாட்டேன். பரவால்லயா?"

"அதுக்குச் சோறு ஊட்டத் தெரியாதுலா," என்று அடுத்த கரண்டியை நீட்டினான் கமலநாதன்.