கோடி வீட்டுக் குரல்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கு நிச்சயமில்லை. தொன்லே சாப் ஏரியில் வருஷங்கள் ஒன்றோடொன்று கரைந்துவிடும். தண்ணீர் சீக்கிரம் வந்த வருஷம், வராமலே போன வருஷம் என்றுதான் அங்கே கணக்கு. அதிலும் ஆளுக்கொரு கணக்கு. வண்ணி அன்று நீலச் சட்டை போட்டிருந்தாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். நிமோலைக் கேட்டால், அக்காளிடம் நீலச் சட்டையே இருந்ததில்லை என்பாள்.

நிமோலும் வண்ணியும் உடன்பிறந்தவர்கள். இருவருக்கும் தனித்தனியே மிதக்கும் வீடு இருந்தது. மூங்கில் கட்டுகளும் காலிப் பீப்பாய்களும் தாங்குகிற பலகைத் தளம், மேலே தகரம். அங்கே வீடுகளை வரிசையாகக் கயிற்றால் பிணைத்திருப்பார்கள். வரிசையின் கோடி வீட்டை மட்டும் ஏரிக்குள் அடித்த முளைக்கம்பில் கட்டுவார்கள்.

மிதக்கிற வீடு தண்ணீரோடு ஏறும், தண்ணீரோடு இறங்கும். உள்ளே இருப்பவர்களுக்கு இரண்டுமே தெரியாது. வாசல் பலகைக்கும் தண்ணீருக்கும் இடையே எப்போதும் அதே ஒரு சாண்தான். கம்பைப் பார்த்தால்தான் உண்டு. அதனால் கோடி வீட்டுக்காரர் காலையில் எழுந்து கம்பைப் பார்த்து, ஏறியிருந்தால் வரிசை முழுக்கக் கேட்கும்படி கூவ வேண்டும். கூவல் வராவிட்டால் நேற்றைய தண்ணீர்தான் இன்றும்.

அந்தக் கோடையில் கோடி வீடு நிமோலுடையது. அவள் மகள் மலிஸுக்கு ஐந்து வயது. கோடை முடிகிற சமயம். ஏரி சுருங்கிப்போய், வீடுகளுக்கடியில் குழந்தையின் மார்பளவுதான் தண்ணீர். மற்ற மாதங்களில் இடுப்பில் கயிறு கட்டியே வளர்க்கிற பிள்ளைகளை அந்தச் சில வாரங்கள்தான் அவிழ்த்து விடுவார்கள்.

ஒரு காலையில் நிமோல் கம்பைப் பார்த்தாள். முந்தின நாள் வெளியே தெரிந்த கணு தெரியவில்லை. மழை பெய்திருக்கவில்லை, தண்ணீர் வருகிற பருவமும் இல்லை. மேலே எங்கோ ஆற்றில் அணை திறந்தார்கள் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். அவள் புருஷன் சருன் படகின் மோட்டாரை முடுக்கிவிட்டு நின்றான்.

"வர்றியா, மீனு நாறிப் போகட்டுமா?"

அந்தச் சத்தத்தில் கூவினாலும் கேட்காது. மலிஸ் முந்தின இரவே நாலு வீடு தள்ளியிருந்த பெரியம்மா வீட்டில் தங்கிவிட்டிருந்தாள். வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நிமோல் படகில் ஏறினாள்.

வண்ணி குழந்தையைக் குளிப்பாட்டத் தளத்தின் ஓரத்திலிருந்து தண்ணீரில் இறக்கிவிட்டாள். நேற்றும் அப்படித்தான் இறக்கியிருந்தாள். அடுப்பில் சோறு பொங்குவதைப் பார்க்கத் திரும்பினாள். கீழே குழந்தைக்குத் தரை எட்டவில்லை.

உடலைக் கரைக்குக் கொண்டுபோய், அங்கே வழக்கப்படி புத்தர் கோயில் வளாகத்துச் சுடுமேடையில் எரித்தார்கள். கூவல் தங்கள் காதில்தான் விழாமல் போயிருக்கும் என்று நினைத்து, பிள்ளையைப் பார்க்கத் துப்பில்லாதவள் என்று வரிசை முழுவதும் வண்ணியைச் சொன்னது. வண்ணி ஒன்றும் பேசவில்லை. கூவாத காலையைப் பற்றி நிமோலும் வாய் திறக்கவில்லை. அழவும் இல்லை. மீனைக் கீறினாள், உப்பிட்டாள், ஜாடியில் அமுக்கினாள். ஒருநாள் மீனுக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள். சருன் அதைத் தின்றுவிட்டு எழுந்துபோனான்.

பிறகு பருவத் தண்ணீர் வந்தது. ஆறு திசை மாறி ஏரிக்குள் பாய, காற்றுக்கு ஒதுங்கி வீடுகளை எல்லாம் வெள்ளத்தில் முங்கிய காட்டின் ஓரத்துக்கு இழுத்துப்போகும் நாளும் வந்தது. புது இடத்தில் யார் யாருக்குப் பக்கம் என்பது அன்றுதான் முடிவாகும். முதலில் வந்து நின்ற வீட்டுக்காரர் கயிறு வீசுவார். வருகிறவர் எடுத்துக் கட்டினால் ஒரு வருஷத்துக்கு அண்டை. எடுக்காவிட்டால் உறவு அவ்வளவுதான்.

நிமோலின் வீட்டைத் தன் மோட்டார் படகில் கட்டி இழுத்துவந்தவர் மாப். பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய வாய்.

"எம்மா நிமோல், எங்க கட்டட்டும்? சீக்கிரம் சொல்லு. டீசல ஏரியிலயா மொண்டு ஊத்தறேன்?"

"எங்கயாவது."

"எங்கயாவதுன்னு ஒரு ஊரு இருந்தா எம் பொண்டாட்டிக்குப் பயந்து நான் எப்பவோ போயிருப்பேனே!"

வரிசையின் கடைசியில் வண்ணியின் வீடு நின்றது. அதற்கு அப்பால் எவரும் கட்டவில்லை. அடுத்த வரிசையிலிருந்து ஹேங் என்கிற விதவை கையை ஆட்டினாள்.

"இங்க வா தங்கச்சி! அந்தப் பாவி பக்கத்துல போயி ஒக்காந்துக்காத. இந்தா, புடி!"

கயிறு நிமோலின் காலடியில் வந்து விழுந்தது.

"எடுடி" என்றான் சருன்.

நிமோல் கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மாப் மோட்டாரை அடக்கினார். வீடு தானாக மிதந்து, வண்ணியின் தளத்துக்குப் பேசினால் கேட்கும் தூரத்தில் வந்து நின்றது. வண்ணியின் கைகள் வெறுமையாக இருந்தன.

"அன்னைக்கு நீ கூவல" என்றாள் வண்ணி, தாழ்ந்த குரலில்.

"ம்."

"கூவலியேன்னுதான் எறக்கி விட்டேன்."

"தெரியும்கா."

"யாருகிட்டயும் சொல்லல நான்."

"அதுவும் தெரியும்."

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. சருன் அக்காளைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

"கயிறு போடுக்கா."

"நான் போடமாட்டேன். வேணும்னா நீ போடு."

வருகிற வீடு கயிறு வீசும் வழக்கம் கிடையாது. நிமோல் ஹேங்கின் கயிற்றைக் காலால் தண்ணீருக்குள் தள்ளினாள். தன் வீட்டுக் கயிற்றைச் சுருட்டி வீசினாள். அது வண்ணியின் பலகைமேல் விழுந்து கிடந்தது. வண்ணி உடனே குனியவில்லை. ஹேங் கத்தினாள்.

"வெக்கங்கெட்ட குடும்பம்டி உங்களுது!"

வண்ணி குனிந்து கயிற்றை எடுத்தாள். மூன்று சுற்றுச் சுற்றி, வருஷம் முழுக்கத் தாங்கும்படி வீட்டுக்குப் போடும் முடிச்சையே போட்டாள். பிறகு உள்ளே போய்விட்டாள். நிமோல் ஏதாவது தோன்றும் என்று நின்று பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. உலையில் அரிசி போடப் போனாள்.

இரண்டு வருஷம் அந்த வீடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. குழம்பு கைமாறியது, பேச்சு அதிகமில்லை. சருன் தாய்லாந்துக்குக் கட்டட வேலைக்குப் போய், அங்கேயே வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். வண்ணி காய்ச்சலில் இறந்தாள். மாப் படகை விற்றுவிட்டுக் கரையில் மகன் வீட்டில் இருக்கிறார், கால்கள் வீங்கிவிட்டன. ஹேங் இன்னும் ஏரியில்தான் இருக்கிறாள். நிமோல் கரையேறி, சந்தையில் வாழைப்பழம் பொரித்து விற்கிறாள். வேறு பிள்ளைகள் இல்லை.