பெட்டி தின்றது இரண்டு யூனிட்

1

இந்தக் கதை என் நண்பர் ஒருவரின் வீட்டில் கிடைத்தது. காபி குடிக்கப் போனவன் கதையோடு திரும்பினேன். அவர் வீட்டு ஹாலில், சுவரில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் என்று பெயர். வீடு எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்று அதனிடம் சொல்லிவிட்டால் போதும், ஹீட்டரை அதுவே போடும், அதுவே அணைக்கும். அந்தப் பெட்டி எவ்வளவு கரன்ட் இழுக்கிறது என்ற தகராறில் ஓர் அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

எப்படி ஆரம்பிப்பது என்று திண்டாடினேன்.

[குளிர் என்பது வெளியே இருப்பதல்ல, அது மனித மனத்தின்] அடித்துவிட்டேன். ஹீட்டர் கதை இவ்வளவு தத்துவத்தைத் தாங்காது.

[அந்தப் பெட்டி சுவரில் ஏறிய நாள் முதலாகவே அந்த வீட்டில்] பேய்க்கதை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

நேராகவே போகிறேன்.

2

மின்கட்டணம் ஏறியிருந்தது, போன குளிர்காலத்தைவிட மாதத்துக்குத் தொண்ணூற்றிரண்டு யூனிட் கூடுதல். நண்பரின் மனைவி பில்லைக் கையில் பிடித்தபடி ஹாலில் நின்றார். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். காலையில் ஒரு நடை, பிற்பகலில் ஒரு நடை. ஒரு பிள்ளை ஏறுவதற்கு இரண்டு நிமிடம் தாமதமானால்கூட இன்ஜினை அணைத்துவிடுவார். எது வீணானாலும் அவர் கண்ணை உறுத்தும். வீட்டுக்குப் பத்தொன்பது டிகிரி போதும், மிச்சத்துக்கு ஸ்வெட்டர் இருக்கிறது என்பது கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த முடிவு.

கணவர் வீட்டிலிருந்தே அச்சுப் பிழை திருத்துகிறவர். மனைவியின் தம்பி ஹீட்டர், ஏசி மெக்கானிக். அக்காவுக்குப் பரிசாக அந்தப் பெட்டியை வாங்கி, தன் கையாலேயே பொருத்தியும் கொடுத்தவன். அவனை வரவழைத்து நிறுத்தினார் அக்கா.

"ராப்பகலா கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருக்கே, அதுக்குக் கரன்ட்டு உங்கப்பனாடா குடுக்கிறான்?"

"உனக்கும் எனக்கும் ஒரே அப்பாதான்க்கா," என்றான் தம்பி. பையிலிருந்து அளவுக் கருவியை எடுத்தான். "இங்க பாரு, மூணு வாட். மாசம் முழுக்க ஓடினாலும் ரெண்டு யூனிட்டுதான்."*

"அப்போ மீதித் தொண்ணூறு யூனிட்டை யார் தின்னது? பூனையா?"

"நம்ம வீட்டுல பூனை இல்லையே," என்றார் கணவர்.

தம்பி ஒரு நிமிடம் மாமாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு கருவியைப் பைக்குள் போட்டான். "தெரியலக்கா," என்றான்.

"நீ மாட்டின பெட்டி, உனக்கே தெரியலயா? இதுல மெக்கானிக்குனு பேரு வேற!"

போட்ட காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான். மூன்று வாரமாக அக்காவுக்கு போன் இல்லை.

யார் தின்றது என்று அந்த ஹாலிலேயே ஒருவருக்குத் தெரியும். மனைவியின் பேருந்து தெருமுனையில் திரும்பியதும், ஒன்றே முக்காலுக்கு, கணவர் எழுந்து போய்ப் பத்தொன்பதை இருபத்திரண்டாக்குவார். நாலு மணிக்கு நல்ல பிள்ளையாகப் பழையபடி வைத்துவிடுவார். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து பள்ளி நாள் ஒன்றுகூடத் தவறியதில்லை.

* மூன்று வாட்டை இருபத்து நாலு மணி நேரத்தாலும் முப்பது நாளாலும் பெருக்கினால் 2160. ஆயிரத்துக்கு ஒரு யூனிட். நானே இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். பெட்டி மேல் குற்றமில்லை.

3

இந்தக் கணவர் பாத்திரத்தோடுதான் எனக்கு மல்லுக்கட்டு. ஊரார் பிழையை எல்லாம் சிவப்பு மையில் சுழிக்கிற மனுஷன், தன் பிழைக்கு மட்டும் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு நிற்கிறார். வாசகர் எப்படி இவரை மன்னிப்பார்?

கை கொடுக்கலாம் என்று சில வழிகளை யோசித்தேன். விரல் மூட்டில் வலி என்று வைக்கலாம். ஆனால் அவருக்கு அப்படி ஒரு வலியும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் கம்பி போட்டுக் கரன்ட் திருடினார் என்று கதையைத் திருப்பலாம். பாவம், பக்கத்து வீட்டில் ஒரு மாதமாக ஆளே இல்லை. மீட்டரே கோளாறு என்று [மின்வாரியத்திலிருந்து இரண்டு பேர் ஏணியோடு வந்து] சேச்சே.

எல்லாவற்றையும்விட ஒன்று இடிக்கிறது. அந்தப் பேருந்தில் ஓட்டுநர் இருக்கைப் பக்கம் ஹீட்டர் வேலை செய்வதில்லை. மனைவி கையுறை போட்டுக்கொண்டுதான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். அது கணவருக்கும் தெரியும்.

4

போதும். நண்பர் என்று யாரும் இல்லை. பிழை திருத்துகிறவன் நான்தான்.

மத்தியானம் வீடு அடங்கிய பிறகு நான் கதை எழுத உட்காருவேன். பத்தொன்பதில் பிழை திருத்த வருகிறது, கதை வருவதில்லை. அப்படித்தான் நான் என்னை நம்பவைத்துக்கொண்டேன். நீங்கள் இதுவரை படித்த பக்கங்களும் இருபத்திரண்டு டிகிரியில் எழுதியவைதான். மற்றபடி எங்கள் வீட்டில் ஒரு குறையும் கிடையாது. நான் எழுதியதை முதலில் படிப்பது அவள்தான், பென்சிலோடு உட்காருவாள். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டாள், சாப்பாட்டுத் தட்டில் இன்னொரு கரண்டி விழும். இப்படி ஒருத்தியிடம் மூன்று டிகிரியை மறைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

5

நேற்று அவள் முடிவு சொல்லிவிட்டாள். "அவனை வந்து கழட்டிட்டுப் போகச் சொல்லுங்க. எனக்கு அவன்கூடப் பேச்சு இல்ல." நான்தான் போன் போட்டேன்.

"சரி மாமா, நாளைக்கு மூணு மணிக்கு வரேன்," என்றான். பிறகு, "இப்பவும் மத்தியானத்துலதான் எழுதுறீங்களா?" என்றான்.

பெட்டியைப் பொருத்தினபோதே அதைத் தன் போனோடும் இணைத்துவைத்தவன் அவன். யார் எந்த மணிக்கு எத்தனை ஏற்றினாலும் அவன் போனில் தெரியும்.

"அக்காகிட்ட நான் ஒண்ணும் சொல்லல மாமா," என்று வைத்துவிட்டான்.

ஆக, திட்டு வாங்கியபோதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்று பள்ளி விடுமுறை, அவள் வீட்டில் இருக்கிறாள். வீடு பத்தொன்பதில் இருக்கிறது. கதை நன்றாகத்தான் வருகிறது, பார்த்தீர்களா. எனக்கு மூன்று முடிவுகள் தயார். ஒன்றில் இந்தப் பக்கங்களை அவள் பென்சிலோடு படிக்கிறாள். இன்னொன்றில் பெட்டி போய்விடுகிறது, அடுத்த பில்லும் ஏறி வருகிறது. மூன்றாவதை உங்களிடம் விட்டுவிடலாம் என்று [வாசகரே, இனி இந்தக் கதையை நீங்கள்தான்

அழைப்புமணி. வந்துவிட்டான். கதவைத் திறந்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஹாலில் பை வைக்கிற சத்தம். முதல் திருகாணி கழல்கிற சத்தம்.

"மாமா!" என்று அங்கிருந்தே கூப்பிடுகிறான். "கழட்டிடட்டுமா?"

"அவரை ஏன்டா கேக்கிற? நீ கழட்டு."

"இல்லக்கா. மாமா சொல்லட்டும்."

மூன்று வாரத்தில் அவர்கள் பேசிக்கொண்டது இதுதான். ஸ்க்ரூடிரைவர் சத்தம் நின்றுவிட்டது. அவன் காத்திருக்கிறான்.

முடிவை உங்களிடம் கொடுப்பதாக இருந்தேன். மன்னியுங்கள், கேட்டது என்னை. பேனாவை மூடிவிட்டு ஹாலுக்குப் போகிறேன்.