அறுபத்தொன்றாம் காட்சியில் ஏழாமவர்

1

இந்தக் கதையை எழுத மாட்டேன் என்று அக்காவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். கையில் டீ டம்ளர் இருக்கும்போது செய்த சத்தியம் செல்லாது என்பது என் கட்சி. அக்கா அதை ஏற்கவில்லை. நீங்கள் இரண்டு பேருக்கும் பொதுவானவர் என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

அக்கா சினிமாவில் மேக்கப் போடுகிறவள், இருபத்தாறு வருடமாக. நான் கதை எழுதுகிறவள். என் மூன்று புத்தகங்களையும் சொந்தக்காரர்கள் வாங்கியிருக்கிறார்கள். படித்ததாக இதுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. போன வருடம் அக்காவின் சிபாரிசில் ஒரு பெரிய படத்தின் திரைக்கதையைச் சீர்செய்யும் வேலை கிடைத்தது. எனக்கு முன்னால் ஐந்து பேர் அதைச் சீர்செய்ய வந்து, தலைதெறிக்க ஓடியிருந்தார்கள். [அவர்களில் ஒருவர் இப்போது தேனீ வளர்க்கிறார். நன்றாக இருக்கிறாராம்.]

படத்தின் கதை இதுதான். ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் வேறொரு கிரகத்திலிருந்து பத்துப் பேர் பூமிக்கு வருகிறார்கள். அவர்களுக்கு மூப்பில்லை, சாவில்லை. மனித குலத்தைக் காப்பாற்றுவது அவர்கள் பொறுப்பு. ஒருவர் ஆற்றை நிறுத்துவார், ஒருவர் இரும்போடு பேசுவார், ஒருவர் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டே இருப்பார். அவருக்கு என்ன சக்தி என்று கேட்டேன். "அவர் ரொம்ப ஆழமானவர்" என்றார் இயக்குநர்.

2

இந்தக் கதைக்கு மூன்று தொடக்கம் எழுதினேன்.

"விண்மீன்களுக்கும் அப்பால், காலம் இன்னும் கண்விழிக்காத ஒரு" — வேண்டாம். காலத்துக்குக் கண் எதற்கு.

"மனித குலத்தைக் காக்க வந்தவர்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள்." இது பரவாயில்லை. ஆனால் தங்க அங்கி போட்டவர்கள் சாப்பாட்டுக்கு நிற்பதைப் பார்த்துச் சிரிப்பதற்கு எழுத்தாளர் தேவையில்லை, கண் இருந்தால் போதும்.

"ஒரு பெரியவரின் மார்பில் சின்னதாக ஒரு புடைப்பு இருந்தது." உண்மையில் இதுதான் கதை. இதை முதல் வரியாக வைத்தால் அக்கா உடனே கண்டுபிடித்துவிடுவாள். அதனால் இரண்டாம் பகுதியில் ஒளித்து வைத்திருக்கிறேன். அவளுக்கு இவ்வளவு தூரம் படிக்கும் பொறுமை கிடையாது.

போகிற போக்கில் இன்னொன்று. இந்தப் பத்துப் பேர் ஏழாயிரம் ஆண்டாக என்ன செய்தார்கள் தெரியுமா? அவர்கள் கிரகத்திலிருந்து வரும் ஒரே ஒரு வகை அரக்கனை மட்டும் அடித்தார்கள். போர், பஞ்சம், கொள்ளைநோய் எதிலும் தலையிடவில்லை. மனிதர்கள் விவகாரத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவாம். எங்கள் குடியிருப்போர் சங்கம் இதே வேலையை அங்கி இல்லாமல் செய்து வருகிறது.

3

இனி அக்கா. [அவள் பார்த்ததை அவள் பக்கம் நின்றே சொல்கிறேன். நான் அந்த அறையில் இல்லை.]

அக்காவின் மேக்கப் நாற்காலிக்கு ஒரு சட்டம் உண்டு. அதில் உட்கார்ந்தவரிடம் எதைப் பார்த்தாலும் அது கதவைத் தாண்டாது. யார் தலையில் எவ்வளவு சொந்த முடி, யார் கையில் வீட்டில் பட்ட அடியின் தழும்பு, யார் கண் ராத்திரி முழுக்க அழுதது, எல்லாம் அவளுக்குத் தெரியும். எனக்குக்கூடச் சொன்னதில்லை. கெஞ்சிப் பார்த்திருக்கிறேன்.

படப்பிடிப்பின் முதல் நாள் காலையில், அந்தப் பத்துப் பேரில் ஏழாமவராக நடிப்பவர் வந்து உட்கார்ந்தார். அறுபத்தெட்டு வயது. முப்பத்தொன்பது வருடத்தில் நூற்றுப் பதினேழு படம் நடித்தவர். அவற்றில் நூற்று நான்கில் இடைவேளைக்கு முன்பே செத்துப்போனவர். மகன் பழிவாங்கக் கிளம்ப வேண்டுமென்றால் அப்பா போய்ச் சேர வேண்டும், அந்த அப்பா இவர்தான். குண்டு, விஷம், ரயில், மாடிப்படி எல்லாம் பார்த்துவிட்டார். மின்னல் தாக்கி மட்டும் இரண்டு தடவை.

சாகாதவர்கள் பத்துப் பேருக்கும் கழுத்திலிருந்து மார்பு வரை தங்கக் கோடுகள் வரைய வேண்டும். அக்காவின் பிரஷ் இடது கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழே வந்தபோது ஏதோ தட்டுப்பட்டது. தீப்பெட்டியில் பாதி அளவு, தோலுக்கு அடியில். மேலே ஒரு தையல் கோடு.

"என்ன சார் இது?"

"கொசு கடிச்சுதும்மா."

"கொசு தையலும் போட்டுட்டுப் போச்சா?"

அவர் சிரித்தார். பிறகு கண்ணாடியில் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"பேஸ்மேக்கர். வெச்சு எட்டு மாசம் ஆச்சு. நல்லா ஓடுது. கம்பெனிக்குத் தெரியாது. இதயத்துல ஏதாவது உண்டான்னு படிவத்துல கேட்டிருந்தாங்க, இல்லைன்னு டிக் பண்ணிட்டேன்."

அக்கா பிரஷைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"தெரிஞ்சா இன்சூரன்ஸ்காரங்க விட மாட்டாங்க, ஆளை மாத்திடுவாங்க. நூத்தி நாலு தடவை செத்திருக்கேன்மா. முதல் தடவையா சாகவே முடியாத வேஷம் ஒண்ணு வந்திருக்கு. கொஞ்சம் மறைச்சுடுங்களேன்."

அக்கா அந்தக் கோட்டை ஒரு விரல் தள்ளி, புடைப்பைச் சுற்றி வளைத்து வரைந்தாள். ஒருவரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தாள். இயக்குநர் கவனித்தார். மானிட்டரைப் பார்த்தவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். மற்ற ஒன்பது பேருக்கும் நேர்க்கோடு, ஏழாமவருக்கு மட்டும் வளைவு, என்ன ஒரு சிந்தனை என்று அக்காவைப் பாராட்டினார். அன்று மதியமே எனக்கு போன் வந்தது. ஏழாமவர் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு குழந்தையைக் காப்பாற்றும்போது பட்ட காயம் அது, உடனே எழுதித் தர வேண்டும்.

நானும் விவரம் தெரியாமல் ஒரு பேஸ்மேக்கருக்கு நாலு பக்கம் முன்கதை எழுதிக் கொடுத்தேன்.

4

அறுபத்தொன்றாம் காட்சியில் பத்துப் பேரும் பறக்கிறார்கள்.

திரையில் பறப்பார்கள். தளத்தில் கூரையிலிருந்து நாலு மாடி உயரத்தில் கயிற்றில் தொங்குவார்கள், நாற்பது நிமிடம். வியாழக்கிழமை படப்பிடிப்பு. அதற்கு முந்தின வாரம் இளம் நடிகர்களை மட்டும் ஏற்றி ஒத்திகை பார்த்தார்கள். இறங்கியவர்களின் தோளில் கயிற்றோடு பிணைத்த பெல்ட் அழுந்திய தடத்தை மறைக்கும் வேலை அக்காவுக்கு வந்தது. விரல் அகலத்தில், சிவந்து தடித்து, இரண்டு நாள் ஆகியும் மறையவில்லை. அவர்களில் ஒருவன் இருபத்தைந்து வயதுக்காரன், தினமும் ஓடுகிறவன். இறங்கி வந்து வாந்தி எடுத்தான்.

பெல்ட் எந்த இடத்தில் அழுந்துகிறது என்று அக்கா பார்த்தாள். இடது கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழே.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அறுபத்தொண்ணுல ஏழாமவர் பறக்கக் கூடாது. நீதானே எழுதுறே, மாத்து."

"ஏன்?"

"ஏன்னு கேக்காம மாத்துடி."

"பத்துப் பேரும் பறக்கிற மாதிரி போஸ்டரே அடிச்சாச்சுக்கா. காரணம் இல்லாம எப்படி மாத்துறது?"

அப்போதுதான் சத்தியம் வாங்கினாள். பிறகு சொன்னாள். இருபத்தாறு வருடத்தில் நாற்காலியின் சட்டத்தை அவள் மீறியது அந்த ஒரு தடவைதான். சொல்லி முடித்ததும் ஏதோ திருடிவிட்டு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"நான் சொன்னது தெரிஞ்சா அவர் என் முகத்துல முழிக்க மாட்டாரு. சொல்லாம இருந்து அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அந்தக் கோட்டை வளைச்சுப் போட்டது நான்தான்டி."

[கம்பெனியிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் நினைப்பது கேட்கிறது. சொல்லலாம். பெரியவரின் வேஷம் அன்றே போகும். படிவத்தில் பொய் சொன்னவர் என்று பேராகி, இனி சாகிற அப்பாவாகக்கூடக் கூப்பிட மாட்டார்கள். அக்காவின் நாற்காலியில் யாரும் நம்பி உட்கார மாட்டார்கள். உங்கள் யோசனைக்கு நன்றி.]

5

முதலில் ஏழாமவர் நடந்து வருகிற மாதிரி எழுதிப் பார்த்தேன். "மத்தவங்க எல்லாம் பறந்து வர்றப்போ இவர் என்ன பஸ் பிடிச்சு வர்றாரா?" என்றார் இயக்குநர். டூப் போடலாமே என்றேன். முகத்துக்குப் பக்கத்தில் கேமரா போகிறது, அவர் கண்ணில் ஏழாயிரம் ஆண்டு தெரிய வேண்டும் என்றார். நியாயமான ஆசைதான். அந்தக் கண்ணில் ஏழாயிரம் ஆண்டுக்கும் இடமிருந்தது, அதுதான் தொல்லை.

வழியை இயக்குநரே காட்டினார். பல வாரமாக அவர் மனதை ஒரு குறை அரித்துக்கொண்டிருந்தது. படத்தில் ஜனங்கள் அழ இடமே இல்லை.

"சாகாதவங்கள்ல ஒருத்தராவது சாகணும்ங்க. இல்லன்னா அவங்க சாகாதவங்கன்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?"

இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் கம்பெனி முகவரி தருகிறேன்.

ஆக, ஏழாமவரைச் சாகடித்தேன். அறுபத்தொன்றாம் காட்சியில், தரையில், மெத்தென்ற புல்லில், படுத்தபடி. கயிறு இல்லை, பெல்ட் இல்லை. மற்ற ஒன்பது பேரும் அவரைச் சுற்றி நின்று பார்த்துவிட்டு, பிறகு பறக்கிறார்கள். இயக்குநர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு அழுதேன் என்றார். மீதிப் பக்கங்களை அழுகை நின்றதும் படிப்பதாகச் சொன்னார். போஸ்டர் நினைப்பில் அவருக்கு இரண்டு மனம், அதனால் பறக்கிற பக்கங்கள், சாகிற பக்கங்கள் இரண்டில் எது என்று செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்குள் நானே முடிவுசெய்து அனுப்ப வேண்டும்.

நான் இதுவரை எழுதியதில் சிறந்த பக்கங்கள் அந்தச் சாவுதான். அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

6

இந்த இடத்தில் ஏழாமவரை வாசகர் விரும்பும்படி இன்னும் கொஞ்சம் நல்லவராக்கலாமா என்று யோசித்தேன். ஒரு பூனை வளர்க்க விடலாம், பேத்திக்குக் கதை சொல்ல வைக்கலாம். அதற்குள் ஆளே வந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி. கம்பெனியில் எனக்குக் கொடுத்திருந்த அறை பழைய விளக்குகள் அடுக்கி வைக்கும் இடம். உட்கார ஒரே நாற்காலி. நான் எழுந்து அதை அவருக்குக் கொடுத்தேன். அவர் கையில் என் புதுப் பக்கங்கள் இருந்தன. தயார் பண்ணிக்கொள்ளட்டும் என்று யாரோ கரிசனமாக அனுப்பியிருக்கிறார்கள்.

"இதுலயுமா?" என்றார்.

"நல்ல சாவு சார்" என்றேன். "நாலு பக்கம் வருது."

"பாத்தேன். எனக்கு இதுவரைக்கும் யாரும் நாலு பக்கம் குடுத்ததில்ல. நல்லா எழுதியிருக்கீங்கம்மா." பக்கங்களை மடியில் வைத்துக்கொண்டார். "அக்கா சொன்னாங்களா?"

"இல்லையே."

"எழுதுறவங்க நீங்க, இன்னும் கொஞ்சம் நிதானமா பொய் சொல்லணும்." அவர் குரலில் கோபம் இல்லை. "அவங்க மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல, சொல்லிடுங்க. இப்பல்லாம் அந்தக் கோட்டை ரெண்டு தடவை அழிச்சு அழிச்சுப் போடுறாங்க. என்னாலதானேன்னு இருக்கு."

"டாக்டரைக் கேட்டீங்களா சார், கயித்துல தொங்கலாமான்னு?"

"கேட்டா சொல்லிடுவாரே."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

"நாப்பது வருஷமா என்னை எல்லாரும் குனிஞ்சுதான் பாத்திருக்காங்கம்மா" என்றார். "நான் கீழ கிடப்பேன். ஹீரோ குனிஞ்சு அழுவாரு, போலீஸ்காரர் குனிஞ்சு மூச்சு இருக்கான்னு பாப்பாரு. ஒரு தடவை எல்லாரும் அண்ணாந்து பாக்கட்டுமே. நாப்பது நிமிஷம்தானே."

"அந்த நாப்பது நிமிஷத்துல ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"ஆகலாம்." அவர் எழுந்து பக்கங்களை என் மேஜையில் ஓரம் சேர்த்து வைத்தார். "நீங்க எதை அனுப்பினாலும் நடிக்கிறேன். மறுபேச்சு பேச மாட்டேன். எழுதிக் குடுக்கிறதைச் செய்றவன்தானே நான்."

அவர் போன பிறகும் நான் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பயமாகவும் இருந்தது.

7

இப்போது மணி நாலு இருபது. நியாயமாக இங்கே சில முடிவுகளைத் தர வேண்டும்.

முடிவு ஒன்று: தயாரிப்பாளரிடம் பணம் தீர்ந்து படமே நின்றுபோகிறது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு. காலையிலிருந்து அதற்காகத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

முடிவு இரண்டு: இயக்குநர் மனம் மாறி, ஏழாமவரை ஜன்னலோரம் நிற்க வைத்து — இல்லை, அந்த ஜன்னலுக்கு ஏற்கனவே ஆள் இருக்கிறது.

முடிவு மூன்று: அவர் மேலே போகிறார், எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள், இருபதாவது நிமிடத்தில்

இதை எழுத மாட்டேன்.

அக்கா போன் செய்தாள்.

"அனுப்பிட்டியா?"

"இல்ல. எதை அனுப்பட்டும்?"

பின்னால் யாரோ ஹேர் டிரையர் போடும் சத்தம் கேட்டது.

"அதை என்னைக் கேக்காத" என்றாள். "உசுரு முக்கியம்னுதான் உங்கிட்ட வந்தேன். இன்னைக்குக் காலைல அவர் கண்ணாடியில தன்னைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. அதைப் பாத்ததுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியலடி."

வைத்துவிட்டாள்.

ஆக, அவளாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. அவரோ எழுதிக் கொடுத்ததைச் செய்கிறவர். மிச்சம் இருப்பது நீங்கள். இவ்வளவு நேரம் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்து, இவள் என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று படித்துக்கொண்டிருந்தீர்கள். தாளையும் இடத்தையும் நான் தருகிறேன்.

காட்சி 61. பகல். ஏழாமவர் ..............................

ஒரே ஒரு வார்த்தை எழுதினால் போதும். பறக்கிறார் என்று எழுதலாம், சாகிறார் என்றும் எழுதலாம். பென்சிலால் வேண்டாம், பேனாவால் எழுதுங்கள். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்காவின் நாற்காலியில் வந்து உட்காரப் போகிறவருக்கு நீங்கள் எழுதியதைத்தான் காட்டுவேன்.