முங்கி எழுந்த வண்டி

கர்நாடகத்துத் தீர்த்தஹள்ளியில் பாக்கு வியாபாரி ஒருவரின் ஜீப்பைப் பதினைந்து வருஷம் ஓட்டியவன் மஞ்சப்பா. அன்று காலை மெக்கானிக் தேவேந்திராவின் பட்டறை வாசலில் வெள்ளைக் கார் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்தான். பழைய வண்டிதான். ஆனால் புது இருக்கை உறை, புது மிதியடி, கதவைத் திறந்தால் மல்லிகை செண்டு வாசனை.

"கடலோரத்துல ஒரு டாக்டர் வச்சிருந்தது. இன்ஜினைக் கேட்டுப் பாரு, பூனை தூங்குற மாதிரி இருக்கு" என்றான் தேவேந்திரா. இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. மஞ்சப்பா கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவனும் அவன்தான்.

மஞ்சப்பாவின் மனைவி சுமித்ரா பின் இருக்கையைத் தடவிப் பார்த்தாள். "ஏங்க, பழைய வண்டிக்கு எதுக்கு எல்லாமே புதுசா மாட்டியிருக்காங்க? வேற யாராவது ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து பார்க்கலாமே."

"பதினஞ்சு வருஷமா ஸ்டியரிங் பிடிக்கிறேன். எனக்கு வண்டி தெரியாதா? அதுவும் தேவேந்திரா இருக்கும்போது இன்னொருத்தன் எதுக்கு? அவன் மனசு சங்கடப்படும்."

பாக்கு உரிக்கும் கூலியில் சேர்த்து வாங்கிய தங்க வளையல்களை அவள் கழற்றிக் கொடுத்தாள். ஜீப் வேலையை விட்டுவிட்டு, மஞ்சப்பா சொந்தமாக வாடகை வண்டி ஓட்ட ஆரம்பித்தான்.

ஆனி மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் மத்தியானம், சிறுநீரகம் பழுதான ரத்னம்மா என்ற ஊர்க்கார அம்மாளையும் அவர் மகனையும் ஏற்றிக்கொண்டு, கடலோர ஆஸ்பத்திரிக்குப் போக ஆகும்பே மலைப்பாதையில் இறங்கினான். ஏழாவது வளைவில் விளக்கு, மழைத் துடைப்பான், இன்ஜின் எல்லாம் ஒரே நொடியில் நின்றன. ஸ்டியரிங் கல்லாய் இறுகியது. பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்தான். சாலையோரக் கட்டைச் சுவரில் உரசியபடி வண்டி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் பனிமூட்டம்.

"உன்னை நம்பித்தானேப்பா ஏறினேன்" என்றார் ரத்னம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பின்னால் வந்த பஸ்ஸில் மஞ்சப்பா அவரைத் தூக்கி ஏற்றிவிட்டான்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய், அடிவாரத்தில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் விட்டான். அவர் இன்ஜினைத் தொடவே இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பாகம் முழுக்கக் காய்ந்த செம்மண். மிதியடியைத் தூக்கினார், அடியில் துரு.

"வெள்ளத்துல முங்கின வண்டிப்பா. ஒயர் எல்லாம் உள்ளுக்குள்ள அழுகிப் போச்சு. யாரு பார்த்து வாங்கிக் கொடுத்தது?"

மஞ்சப்பா அந்தச் செம்மண்ணை விரலால் சுரண்டிப் பார்த்தான்.

மறுநாள் பட்டறையில் தேவேந்திரா கையைத் துடைத்தபடியே நிதானமாகப் பேசினான். "இன்ஜின் நல்லாயிருக்குன்னுதான் சொன்னேன். அன்னிக்கு நல்லாத்தானே இருந்துச்சு? தண்ணியில முங்கினதான்னு நீ கேட்கவே இல்லையே."

"உனக்குத் தெரியுமா?"

"தொழில்னா நாலும் இருக்கும். எனக்கும் கமிஷன் வேணும்ல. இப்ப என்ன ஆயிடுச்சு? ரெண்டு ஒயரை மாத்தி, செண்டு அடிச்சு வைக்கிறேன். ஷிகாரிபுரத்திலேருந்து ஒருத்தர் வர்றாரு. உன்னை மாதிரியே, எதுவும் கேட்கமாட்டாரு. போட்ட காசு உனக்கு வந்துடும்."

மஞ்சப்பா அடிவாரத்திலிருந்து வண்டியைக் கட்டி இழுத்து வந்து பட்டறையில் விட்டான். சுமித்ராவின் வெறும் கைகள் கண்ணுக்குள்ளேயே நின்றன.

ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தார். தபால் நிலையத்தில் வேலையாம். இருக்கை உறையைத் தடவினார், பாட்டுப் பெட்டியைப் போட்டுப் பார்த்தார். "தேவேந்திராண்ணா என் மச்சானுக்குத் தெரிஞ்சவர். அவர் சொன்னா போதும்" என்று பணப்பையைத் திறந்தார். அவர் மனைவி குழந்தையோடு பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள்.

"இறங்குங்கம்மா" என்றான் மஞ்சப்பா. "இது வெள்ளத்துல முங்கின வண்டி. மலையில என்னைப் பாதாளத்துக்குத் தள்ளப் பார்த்துச்சு."

தேவேந்திராவின் முகம் கறுத்தது. "பைத்தியமாடா உனக்கு? இனிமே இதை எவன் வாங்குவான்?"

"யாரும் வாங்க வேண்டாம். இரும்பு விலைக்குப் போகட்டும். நான் திரும்ப ஜீப் ஓட்டிக்கிறேன்." சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "நீ ஏமாத்தினது பாதி தேவேந்திரா. எனக்கு வண்டி தெரியும்னு நானே என்னை ஏமாத்திக்கிட்டது மீதி. பொண்டாட்டி கேட்ட ஒரு கேள்வியை நான் உன்கிட்ட கேட்டிருந்தா போதும்."

பிறகு தபால்காரர் பக்கம் திரும்பினான். "சார், எதை வாங்கினாலும், அதை விக்கிறதுல லாபம் இல்லாத ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. கேள்வி கேட்கக் கூச்சப்படாதீங்க. தெரிஞ்சவர் சொன்னார்னு வாங்காதீங்க. தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க."