வயிற்றுப் பக்கத்தில் ஒரு முதுகு

1942 ஐப்பசி மழையில் ஆவடிப் பக்கத்து மேனாம்பேட்டுக் குட்டையெல்லாம் தவளை முட்டை. பட்டணத்தில் குண்டு விழும் என்ற பயத்தில் அங்கிருந்த கல்லூரியே பாதி காலியாகிவிட்டது. அங்கே விலங்கியல் கற்பித்த ஹில்டா, ஒரு மைக்ராஸ்கோப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு மேனாம்பேட்டில் தாட்சாயிணியின் வீட்டு முன்னறைக்குக் குடிவந்திருந்தாள்.

அன்று காலை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வேலை செய்தாள். தவளையின் கரு முதலில் வெறும் உருண்டை. அதில் செல்கள் உள்ளே மடியத் தொடங்கும் இடத்தில் சின்ன உதடு போல ஒரு மடிப்புத் தெரியும். ஒரு கருவிலிருந்து அந்த உதட்டைக் கண்ணாடி ஊசியால் வெட்டி, இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கத்தில் பதித்தாள்; இப்படியே பல கருக்களில். அதிலிருந்து ஏதோ ஒன்று கசிந்து பரவுகிறது, கிட்டே இருப்பது முதுகாகிறது, தூரத்தில் இருப்பது வயிறாகிறது என்று அவள் நம்பினாள். ஜெர்மனியில் வேறொரு பிராணியில் செய்து பார்த்திருந்தார்கள். இந்தக் குட்டைத் தவளையில் நடக்குமா என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

மதியத்துக்குள் பதியம் போட்ட கருக்களில் இரண்டே பிழைத்திருந்தன.

அப்போதுதான் சுகாதார இன்ஸ்பெக்டர் சம்பத் வந்தார். பின்னால் எண்ணெய் டின்னோடு ஓர் ஆள். ஆவடியில் பட்டாளம் இறங்கியதிலிருந்து, கொசுவை ஒழிக்கத் தேங்கிய தண்ணீரிலெல்லாம் எண்ணெய் ஊற்றச் சொல்லி உத்தரவு.

"இந்த ஜாடி, தொட்டி எல்லாத்துலயும் ஊத்தணும்."

"இது ஆராய்ச்சிக்கு வச்சிருக்கேன் சார். துணி போட்டு மூடிடறேன்."

"மலேரியாவுக்கு ஆராய்ச்சி தெரியுமாம்மா?"

ஹில்டா தாட்சாயிணியைப் பார்த்தாள். உள்ளே தாட்சாயிணியின் மகன் வரதன் குளிர்ஜுரத்தில் பல் கிட்டிக் கிடந்தான்.

"ஊத்தட்டும் டீச்சரம்மா," என்றாள் தாட்சாயிணி. "என் புள்ள அங்க நடுங்கிகினு கீறான். உனுக்குத் தவள பெருசா?"

ஜாடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஹில்டாவே முற்றத்து மண்ணில் கவிழ்த்தாள். முட்டைகள் கொழகொழவென்று பரவின. கடைசியில் அந்த இரண்டு கருக்களும் இருந்த கண்ணாடிக் கிண்ணத்தை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அதையும் குடுங்க."

"முடியாது சார்."

சம்பத் கையை நீட்டினார். அவள் பின்வாங்கியதில் தண்ணீர் தளும்பியது. பதறிக் குனிந்து பார்த்தாள். ஒரு கருவில் பதித்த துணுக்கு பிய்ந்து மிதந்தது. அவள் முகம் வெளுத்துப் போனது.

தாட்சாயிணி சற்று நேரம் அந்த முகத்தையே பார்த்தாள். பிறகு அடுப்படியிலிருந்து ஒரு தட்டை எடுத்து வந்து கிண்ணத்தை மூடினாள்.

"கொசு பூற எடம் இல்ல சார். இத்த உட்டுடு. பின்னால குட்டைல நல்லா ஊத்து."

"நாளைக்கு வருவேன். அப்பவும் இருந்தா கொட்டிடுவேன்," என்று சொல்லிவிட்டு சம்பத் பின்பக்கம் போனார். குட்டையில் எண்ணெய் படர்ந்தது. இனி புது முட்டை கிடைக்காது. இந்த ஒன்றுதான்.

விடிந்ததும் ஹில்டா லென்ஸில் கண்ணை வைத்தாள். முதுகில் நீளமாக ஒரு பள்ளம், அதன் இருபுறமும் மடிப்பு. அது எல்லாக் கருவிலும் வருவதுதான். ஊசியால் மெல்லப் புரட்டினாள். வயிற்றுப் பக்கத்திலும் ஒரு பள்ளம் ஓடியது. கொஞ்சம் கோணல், கொஞ்சம் குட்டை. ஆனால் முதுகேதான்.

"அக்கா!" என்று கத்தினாள்.

தூக்கமில்லாத கண்ணோடு தாட்சாயிணி வந்து குனிந்து பார்த்தாள். "ரெண்டு முதுகா? இது பொழைக்குமா?"

"பொழைக்காது. அழுகறதுக்கு முன்னால இப்பவே மருந்துல போட்டு வைக்கணும்."

"ஐயோ பாவம்," என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஹில்டாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் ஃபார்மலின் புட்டியைத் திறக்கச் சிறிது நேரமாயிற்று. கருவை அதில் விட்டு மூடியைத் திருகினாள்.

பிறகு கை கழுவிக்கொண்டு உள்ளே போனாள். "நீங்க கொஞ்ச நேரம் படுங்க அக்கா," என்று சொல்லிவிட்டு, வரதன் நெற்றியில் கிடந்த ஈரத்துணியை எடுத்து நனைத்துப் போட்டாள்.